நீள வண்டியா, பாய்ச்சல் வண்டியா?

மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் மூன்றரைப் பக்கம் மோட்டார் காரைப் பற்றியது. மீதி அரைப் பக்கம்தான் தம்மைப் பற்றியது. ஆனால் விஷயமெல்லாம் அந்த அரைப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாளுக்கு வயது 49. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகம். 22 வருஷமாகக் கார் ஓட்டுகிறார். ஆனால் இதுவரை அவர் ஓட்டியதெல்லாம் கணவர் ஓட்டிக் கழித்த கார்கள். "அவர் புது வண்டி வாங்கினால் பழசு எனக்கு வந்து சேரும்" என்று எழுதியிருக்கிறார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல எழுதியிருக்கிறார். வீட்டுக் கடன் அடைந்து, பெண்ணுக்குக் கல்யாணமும் ஆகி, இப்போதுதான் முதல் தடவையாகத் தம் சம்பாத்தியத்தில் தமக்கென்று ஒரு புதுக் கார் வாங்கப் போகிறார்.

பி.எம்.டபிள்யூ. ஷோரூமில் '3 சீரீஸ்' என்கிற வண்டியில் இரண்டு தினுசைப் பார்த்திருக்கிறார். ஒன்று நீளம், மற்றொன்று வேகம். கணவர் நீளத்தின் கட்சி. "டிரைவரை வைத்துக்கொண்டு பின்னால் கௌரவமாக உட்கார்ந்து போயேன்" என்கிறார். காலேஜில் படிக்கும் பிள்ளை வேகத்தின் கட்சி; அவனுடைய காரணங்களைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். மாமியாருக்கு முழங்காலில் சத்திர சிகிச்சை ஆகியிருக்கிறது. மாதம் இரண்டு தடவை டாக்டர் வீடு, வருஷத்துக்கு இரண்டு தடவை கும்பகோணம் - இதற்குச் சௌகரியப்பட்டால் எந்த வண்டியானாலும் சரி என்று அவர் சொல்லிவிட்டாராம்.

சகோதரியின் கட்சி எது? "வேகமான வண்டியை ஓட்டிப் பார்த்தபோது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த விற்பனைப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் வயதுக்கு இதெல்லாம் அடுக்குமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

மற்ற சகோதரிகள் "ஐம்பது லட்ச ரூபாய்க் கார் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 500 வாட் மிக்ஸி போதுமா, 750 வாட் வேண்டுமா என்று கடையில் நின்று நாமும் இதே வழக்கைத்தான் பேசியிருக்கிறோம். தினம் அரைப்பது ஒரு கரண்டித் தேங்காய்ச் சட்னி. ஆனால் கடைக்காரர் 750-ஐ ஒரு சுற்று ஓட்டிக் காட்டியதும் மனசு அங்கே போய்விடுகிறதல்லவா?

முதலில் இரண்டு வண்டிகளையும் பார்த்துவிடுவோம். நீள வண்டிக்கு 330 எல்.ஐ. என்று பெயர், 2021 ஜனவரியில் நம் நாட்டுக்கு வந்தது. பாய்ச்சல் வண்டிக்கு எம் 340 ஐ என்று பெயர். அதே வருஷம் மார்ச்சில் வந்தது. இரண்டையும் பூட்டுகிற தொழிற்சாலை எங்கோ ஜெர்மனியில் இல்லை. செங்கல்பட்டுப் போகிற வழியில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி இருக்கிறதே, அங்கே 2007-ல் திறந்த தொழிற்சாலை. ஆக, இரண்டும் ஒரே வீட்டுப் பெண்கள்தாம். ஒருத்திக்கு 2 லிட்டர் எஞ்சின், நாலு சிலிண்டர், 258 குதிரைச் சக்தி. மற்றவளுக்கு 3 லிட்டர், ஆறு சிலிண்டர், சுமார் 380 குதிரை. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட முதல் வண்டிக்கு 6.2 வினாடி, இரண்டாவதற்கு 4.4 வினாடி என்று கம்பெனி சொல்லுகிறது.

1.8 வினாடி வித்தியாசம். இதை மயிலாப்பூர்-சிறுசேரிச் சாலையில் வைத்துக் கணக்குப் பார்க்கலாம்.

போகிற தூரம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். மத்திய கைலாஷ், டைடல் பார்க், துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று வழி நெடுக நின்று நின்றுதான் போகவேண்டும். இருபது இடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் பாய்ச்சல் வண்டி முழு 1.8 வினாடியையும் மிச்சம் பிடிப்பதாகவே தாராளமாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 36 வினாடி. தட்டில் விழுந்த இட்லிக்கு மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் குழைத்துக்கொள்கிற நேரம்! அதுகூடக் கைக்கு வராது. 2023 நவம்பரில் சென்னைப் போலீசார் விதித்த வரம்பின்படி நகருக்குள் கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர்தான். குடியிருப்புத் தெருக்களில் 30. நூறை எட்ட இடம் எங்கே? முன்னால் போகிற தண்ணீர் லாரி எந்த வேகத்தில் போகிறதோ அதுதான் 258 குதிரைக்கும் வேகம், 380 குதிரைக்கும் வேகம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த எடையுள்ள ஒரு கார் சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுவதற்கு உண்மையில் பத்துக் குதிரைகூட வேண்டியதில்லை. பாக்கிக் குதிரைகள் லாயத்தில் கொள்ளுத் தின்றுகொண்டு நிற்கின்றன. நீள வண்டியில் சுமார் 250 குதிரை நிற்கிறது. பாய்ச்சல் வண்டியில் சுமார் 370 நிற்கிறது. கிளம்பும்போதும் முந்தும்போதும்தான் அவற்றுக்கு வேலை.

ஆகவே, சகோதரி, வீட்டில் பேசும்போது "சீக்கிரம் ஆபீஸ் போய்விடலாம், சீக்கிரம் வீடு திரும்பலாம்" என்று மட்டும் காரணம் சொல்லாதீர்கள். அது நிற்காது. உங்கள் கணவர் கணக்குத் தெரிந்தவராயிருந்தால் ஒரே நிமிஷத்தில் உடைத்துவிடுவார். "எனக்கு அது பிடித்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அதை உடைக்க அவரிடம் கணக்கு இல்லை. அவர் இத்தனை வருஷத்தில் வாங்கிய கார்களுக்கெல்லாம் காரணம் கேட்டு யாராவது கடிதம் எழுதினார்களா?

அவருடைய கட்சியையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். 330 எல்.ஐ.யில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,961 மில்லிமீட்டர். மற்றதில் 2,851. அதாவது 110 மில்லிமீட்டர், நாலு அங்குலத்துக்குச் சற்று மேல். அதில் ஒரு பகுதி பின் சீட்டில் இருப்பவர்களின் கால் நீட்டத்துக்குப் போகிறது. ஐரோப்பாவில் இந்த நீள தினுசை விற்பதில்லை. சீனாவுக்கென்று செய்து பிறகு நமக்கும் கொண்டுவந்தார்கள். கார் வைத்திருப்பவர் பின்னால் உட்காருவார், ஓட்டுகிறவர் வேறு ஆள் என்பது இந்த இரண்டு தேசங்களின் வழக்கம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அவர்கள் 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கொண்டுவந்தபோது அதற்கு இரண்டே கதவுகள். பார்க்க லட்சணமான கார்தான். ஆனால் மடிசார் கட்டிய பாட்டியும் மடியில் குழந்தையை வைத்த மருமகளும் முன் சீட்டை மடக்கிவிட்டு இடுக்கில் நுழைந்து பின்னால் போகவேண்டும் என்றால்? 1960-களின் கடைசியில் நாலு கதவு ஹெரால்ட் வந்தது. பின் சீட்டுக்காரர்களுக்கு ஓட்டு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள அந்தக் காருக்கு அத்தனை வருஷம் பிடித்தது.

ஆனால் உங்கள் பின் சீட்டில் தினம் யார் உட்காருகிறார்கள்? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாதத்தில் 22 நாள் நீங்கள் தனியாகத்தான் போகிறீர்கள். கைப்பையும் டிபன் காரியரும் உங்களோடு வருகின்றன. டிபன் காரியருக்குக் கால் நீட்ட அதிக இடம் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. டிரைவர் வைத்தால் நீள வண்டிக்கு அர்த்தம் உண்டு. நீங்களே ஓட்டுவதானால் நீளத்துக்குக் கொடுத்த காசு தினம் உங்கள் முதுகுக்குப் பின்னால் வெறுமனே பிரயாணம் செய்கிறது.

நீங்கள் டிரைவர் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்திருந்தது. "காலையில் ஒரு மணி, மாலையில் ஒன்றரை மணி - யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்" என்கிறீர்கள். இதைப் படித்ததும் இந்தப் பத்தியின் வாசகிகளில் பாதிப் பேர் தலையை ஆட்டியிருப்பார்கள். மற்றப் பாதிப் பேர் பஸ்ஸில் போகிறவர்கள். அவர்களும் ஜன்னலோர சீட்டுக்காக ஆட்டியிருப்பார்கள்.

இனிப் பணம். இரண்டு வண்டிகளும் 2021-ல் வந்தபோது ஷோரூம் விலை 51 லட்சத்து 50 ஆயிரம், 62 லட்சத்து 90 ஆயிரம். பிறகு இரண்டுமே ஏறிவிட்டன. இன்றைய விலையை நீங்கள் வாங்கி வைத்திருப்பீர்கள். முறையைக் காட்டுவதற்காக நான் பழைய விலையை வைத்தே போடுகிறேன். வித்தியாசம் 11 லட்சத்து 40 ஆயிரம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி விலையில் 20 சதவிகிதம். ஆகவே வித்தியாசத்தின் மேல் இன்னும் 2 லட்சத்து 28 ஆயிரம். மொத்தம் 13 லட்சத்து 68 ஆயிரம். இதை மட்டும் 9 சதவிகித வட்டிக்கு 5 வருஷக் கடனாக வாங்கினால் மாதம் 28,400 ரூபாய் சுமார் கட்டவேண்டும்.

பெட்ரோல்? நெரிசலில் ஒன்று லிட்டருக்கு 9 கிலோமீட்டரும் மற்றது 7-ம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். போக வர 56 கிலோமீட்டர், 22 நாள் என்றால் மாதம் 1,232 கிலோமீட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வித்தியாசம் மாதம் 4,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். எல்லோரும் பெட்ரோலைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். உண்மையான செலவு விலையில் இருக்கிறது. இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பாகத்துக்கு 1,500 சி.சி.க்கு மேற்பட்ட கார்களெல்லாம் ஒரே படி. அங்கே பேதம் இல்லை. வண்டியின் மதிப்பைப் பொறுத்த பாகம்தான் கூடும்.

ஆனால் உங்கள் கணவர் ஒரு செலவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர் சொல்லுகிற யோசனையில் டிரைவர் உண்டல்லவா? டிரைவருக்கு மாதம் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வேட்டியும் இனாமும் தனி. கடனும் பெட்ரோலும் சேர்ந்து பாய்ச்சல் வண்டி மாதம் 32,000 சுமார் அதிகம் கேட்கிறது. நீள வண்டியும் டிரைவரும் சேர்ந்து 25,000-க்கு மேல் கேட்கிறார்கள். 'சிக்கனமான யோசனை', 'ஆடம்பரமான யோசனை' என்று வீட்டில் பெயர் வைத்திருக்கிறார்களே, இரண்டுக்கும் நடுவில் மாதம் ஆறாயிரம் ஏழாயிரம்தான். கடன் 5 வருஷத்தில் தீரும், சம்பளம் தீராது. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டு அவர் காபி குடிக்கும்போது பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஒன்றும் பேசவேண்டாம்.

அதற்காக வேகமான வண்டியில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வளைவில் சாயாமல் போகவேண்டும் என்று இப்படிப்பட்ட கார்களின் ஸ்பிரிங்குகளை இறுக்கமாக வைப்பார்கள். டயரும் தட்டையாக இருக்கும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். புடவைக் கடையில் ஜரிகையைப் பார்ப்பதுபோலத்தான். 225/45 என்று இருந்தால் டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவிகிதம், அதாவது சுமார் 101 மில்லிமீட்டர். 255/35 என்றால் 89 மில்லிமீட்டர்தான். அந்தச் சுவர்தான் பள்ளத்தில் விழும்போது நமக்கு மெத்தை. மெத்தை மெலிந்தால் இடுப்புக்குத் தெரியும். பெரிய குழியானால் சக்கரத்தின் வளையத்துக்கும் தெரியும். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகடு போட்டு மூடிய இடங்களைத் தாண்டியவர்களுக்கு நான் விவரிக்கவேண்டியதில்லை.

வேகத்தடை சமாசாரம் வேறே. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கவேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். நம் தெருக்களில் இருப்பவற்றை யார் எந்த அளவுகோலால் அளந்து கட்டினார்களோ! சிலது வாசல்படி மாதிரி செங்குத்தாக நிற்கிறது. இதில் நீள வண்டிக்குத்தான் சங்கடம் ஜாஸ்தி. சக்கரங்களுக்கு நடுவே தூரம் கூடினால், மேட்டின் மேல் ஏறும்போது நடு வயிறு உரசுவதற்கு இடமும் கூடுகிறது.

ஆகவே சோதனை ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, உங்கள் வழக்கமான வழியில், இரண்டு வண்டிகளையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் இன்னொரு தடவை கேளுங்கள். ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுக்கிறவர் நெரிசலைக் காட்டச் சொல்லிக் கேட்கக்கூடாதா? துரைப்பாக்கத்தில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகும் உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது உண்மையான சிரிப்பு.

மாமியாரையும் ஒரு நாள் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள், கைத்தடியோடு. முழங்கால் சிகிச்சை ஆனவர்களுக்கு இரண்டு தொல்லை. ஒன்று, தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருப்பது. அதில் இரண்டு கார்களும் ஒன்றுதான். இரண்டுமே தாழ்ந்த கார்கள். மற்றது, காலை நீட்டி வைத்துக்கொள்வது. அதில் நீள வண்டியின் பின் சீட்டு உசத்தி. ஆனால் ஒரு யோசனை சொல்லுகிறேன். மாமியார் பின்னால்தான் உட்காரவேண்டும் என்று யார் விதித்தார்கள்? முன் சீட்டில், உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் எந்தக் காரிலும் கால் நீட்டத் தாராளமாக இடம் உண்டு. விசையை அழுத்தினால் சீட்டு கொஞ்சம் உயரவும் செய்யும், எழுந்திருக்கும்போது கைகொடுக்கும். கும்பகோணம் வரைக்கும் மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம். உங்கள் கணவர் பின்னால் கௌரவமாக உட்கார்ந்து வரட்டும். அவருக்குத்தான் அதில் இஷ்டம் என்கிறீர்களே!

இப்போது பிள்ளை விஷயம். அவன் வேகத்தின் கட்சியில் இருப்பது அம்மாவின் மேல் உள்ள பிரியத்தால் மட்டும் அல்ல என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரின் மோதும் சக்தி வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. 50-ல் போகிற காரை விட 100-ல் போகிற காருக்கு அது நாலு மடங்கு. 380 குதிரை 49 வயதுக்கு அடுக்குமா என்று கேட்டீர்கள். 49 வயதுக்கு அடுக்கும். 22 வருஷம் இந்த ஊர் நெரிசலில் ஓட்டிய கைக்கு நன்றாகவே அடுக்கும். 20 வயதுக்குத்தான் அடுக்காது. நம் வீடுகளில் கார்ச் சாவி கூடத்து ஆணியில் தொங்கும். இந்தச் சாவி உங்கள் கைப்பையில் இருக்கட்டும். "அம்மா, ஒரே ஒரு தடவை" என்று வந்தால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் என்று சொல்லுங்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பானவள். இந்தக் கண்டிப்பு உங்களால் ஆகாது என்று தோன்றினால், பாய்ச்சல் வண்டியை மறந்துவிடுங்கள், நீளமே இருக்கட்டும்.

ஆகும் என்றால், என் ஓட்டு பாய்ச்சல் வண்டிக்கு. கணக்கும் அதற்குப் பெரிய விரோதி அல்ல, மாமியாருக்கும் வழி இருக்கிறது, ஓட்டப்போகிறவரும் நீங்கள்தான்.

முன்பணம் கொடுக்கும் முன்பு இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுச் சக்கரம், நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அது வண்டியோடு வருகிறதா? காற்றுப் போனாலும் ஓடக்கூடிய டயர் என்று சொன்னால், எத்தனை கிலோமீட்டர், எந்த வேகத்தில் என்று கேளுங்கள். பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம், 80-க்கு மேல் வேகம் கூடாது என்பார்கள். கும்பகோணம் வழியில் இரவு பத்து மணிக்கு அது போதுமா என்று நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும். இரண்டாவது, மழை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று பார்த்தோம். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கெட்டால் சாதாரண இன்ஷூரன்ஸ் அதைக் கொடுப்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்துக்கொள்ளவேண்டும். பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் யார் சொன்னாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்துப் போகிற வண்டியைக் கூப்பிடுங்கள்.

என்ன நிறம் என்று நீங்கள் எழுதவே இல்லையே?